ரிக் அண்ட் மார்ட்டியா, ஃபியூச்சராமாவா? பெரியவர்களுக்கான விண்வெளிக் கார்ட்டூன்களில் எதை முதலில் பார்ப்பது

ஏப்பம், வாந்தி, கக்கூஸ், கெட்ட வார்த்தை, பிய்ந்து விழும் கை கால். இடையிடையே விண்கலம், வேற்றுக்கிரகவாசி, காலப் பயணம். பெரியவர்களுக்கென்று அமெரிக்காவில் எடுக்கப்படும் விண்வெளிக் கார்ட்டூன்கள் மேலோட்டமாகப் பார்த்தால் இவ்வளவுதான். இதில் ஒன்றைத் தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் கேட்பது, உண்மையிலேயே சிரிப்பு வருமா, இல்லை அசிங்கத்தை வைத்தே ஒப்பேற்றுகிறார்களா என்றுதான். இரண்டும் உண்டு. ஒரே தொடருக்குள்ளேயே இரண்டும் உண்டு. அதனால்தான் எதை எடுப்பது, எங்கிருந்து தொடங்குவது என்று கொஞ்சம் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது.

நான் இங்கே எடுத்துக்கொள்வது நான்கு தொடர்கள்: ஃபியூச்சராமா (1999), ரிக் அண்ட் மார்ட்டி (2013), சோலார் ஆப்போசிட்ஸ் (2020 மே), ஸ்டார் ட்ரெக்: லோயர் டெக்ஸ் (2020 ஆகஸ்ட்). ஃபைனல் ஸ்பேஸ் என்று ஒன்றும் உண்டு. மூன்று சீசன் ஓடியது. பிறகு அதைத் தயாரித்த நிறுவனம் வரிக் கணக்குக்காக ஸ்ட்ரீமிங்கிலிருந்தே எடுத்துவிட்டது. கிடைக்காத ஒன்றைப் பரிந்துரைத்துப் பயனில்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டுமே. எனக்கு அது வெட்கம். ஒருவன் மறைக்கப் பாடுபடுவது வெளியே தெரிந்துவிடும்போதுதான் உடம்பை வைத்துச் செய்யும் நகைச்சுவைக்குச் சிரிக்கிறோம். மறைக்க எதுவுமே இல்லாத ஆள் அம்மணமாகத் திரிந்தால் முதல் தடவை திடுக்கிடும், அடுத்த தடவை கண் தானாக வேறு பக்கம் போய்விடும். கெட்ட வார்த்தையும் அப்படித்தான். சொல்லக் கூடாத இடத்தில், சொல்லக் கூடாத ஆள் சொன்னால்தான் அதற்கு வீரியம். வார்த்தைக்கு வார்த்தை வந்தால் காது மரத்துவிடும். அறிவியல் கதை இதோடு சேரும்போது என்ன ஆகிறது என்றால், அந்த வெட்கத்தின் அளவு பெரிதாகிறது. சாதாரணக் குடும்பக் கதையில் ஒரு பையன் செய்யும் கிறுக்குத்தனம் அவன் வகுப்போடு போகும். இங்கே அது ஒரு உலகத்தையே அழித்துவிடும். இந்த வசதியை யார் ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் இந்த நான்கையும் பிரித்துக் காட்டுகிறது.

ரிக் அண்ட் மார்ட்டியில் தொடங்குகிறேன். அதிகம் பேசப்படுவதும் அதிகம் திட்டப்படுவதும் அதுதான். ஜஸ்டின் ரோய்லண்ட், டான் ஹார்மன் இருவரும் உருவாக்கியது. 2013 டிசம்பர் 2 அன்று அடல்ட் ஸ்விம் சேனலில் தொடங்கியது. ரிக், பிரபஞ்சத்திலேயே பெரிய அறிவாளி. குடிகாரர். பேச்சின் நடுவில் ஏப்பம் விட்டபடியே இருப்பார். மகள் வீட்டு கராஜில் ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டு, 14 வயதுப் பேரன் மார்ட்டியை இழுத்துக்கொண்டு கிரகம் கிரகமாகச் சுற்றுகிறார்.

இந்தத் தொடரின் அசிங்கம் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள எல்லாவற்றையும் பார்க்கத் தேவையில்லை. நான்காவது சீசனின் இரண்டாவது எபிசோட் போதும். 2019 நவம்பரில் வந்தது. கதை இதுதான்: ரிக் ஒரு கக்கூஸ் வைத்திருக்கிறார். வீட்டில் இல்லை, யாரும் கால் வைக்காத ஒரு அழகான கிரகத்தில். பச்சைப் பசேலென்ற வெளியின் நடுவே சிம்மாசனம் மாதிரி ஒரு பீங்கான். பக்கத்தில் ஆள் இருந்தால் அவருக்குப் போகாது, அதனால் இந்த ஏற்பாடு. ஒரு நாள் அங்கே போனால் வேறு யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். ரிக்குக்குத் தலைக்கேறுகிறது. அந்த ஆளைத் தேடிப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்.

கேட்டால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சொல்லும் கதை மாதிரி இருக்கும். ஆனால் பிடிபடுகிற ஆள் டோனி. ஆபீஸில் வேலை பார்க்கும் சாதாரண மனிதன் (வேற்றுக்கிரகவாசிதான், ஆனாலும் மனிதன் என்றுதான் எழுத வருகிறது). மனைவியை இழந்தவன். அவனுக்கும் அதே கூச்சம். ரிக்கின் மிரட்டலுக்கு அவன் பெரிதாகப் பயப்படுவதில்லை. இவ்வளவு பெரிய கிரகத்தில் தனியாக உட்கார ஆசைப்படுகிற இன்னொருவனை அவன் ரிக்கிடம் பார்த்துவிடுகிறான். ரிக்குக்கு அதுதான் தாங்கவில்லை. டோனி அடுத்த முறை வந்து உட்கார்ந்தால் அவமானப்படுத்த ஒரு பொறி வைக்கிறார்: உட்கார்ந்ததும் சுற்றிலும் ரிக்கின் ஹோலோகிராம்கள் தோன்றிக் கேலி செய்யும். டோனி வருவதில்லை. இறந்துபோகிறான். கடைசியில் ரிக்கே போய் அந்தக் கக்கூஸில் உட்காருகிறார். ஹோலோகிராம்கள் வருகின்றன. ஒன்று, இரண்டு, பத்து, இருபது ரிக்குகள் சூழ நின்று, இந்த இடத்தில் தனியாக உட்காருகிறவன் எவ்வளவு கேவலமானவன், எப்படி யாருமே இல்லாதவன் என்று பட்டியல் போட்டுத் திட்டுகின்றன. டோனிக்காக எழுதிய வசவு ஒவ்வொன்றும் எழுதியவர் மேலேயே விழுகிறது. அவர் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இதில் கக்கூஸை எடுத்துவிட்டு வேறு எதையாவது, ஒரு மலை உச்சியையோ நூலகத்தையோ வைத்துப் பாருங்கள். கதை நிற்காது. ஒரு மனிதன் மிகவும் தனியாகவும் மிகவும் பாதுகாப்பில்லாமலும் இருக்கும் இடம் அது. நட்பு என்பது அந்த அளவுக்கு இன்னொருவரை நம்புவது என்ற விஷயத்தை வேறு எந்த இடத்தில் வைத்தும் இவ்வளவு நேராகச் சொல்லியிருக்க முடியாது. அசிங்கம் தன் வேலையைச் செய்வது என்று நான் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது சீசனில் வந்த 'பிக்கிள் ரிக்' (2017 ஆகஸ்ட்) இன்னும் பிரபலம். 2018-இல் எம்மி விருது வாங்கியது. குடும்பத்தோடு மனநல ஆலோசகரிடம் போகாமல் தப்பிக்க ரிக் தன்னையே ஊறுகாய் வெள்ளரிக்காயாக மாற்றிக்கொள்கிறார். சாக்கடையில் விழுந்து, கரப்பான்பூச்சியின் மூளையை நாக்கால் இயக்கி, எலிகளைக் கொன்று அவற்றின் உறுப்புகளால் தனக்குக் கை கால் செய்துகொள்கிறார். ரத்தமும் குடலுமாக ஓடும் இந்தப் பகுதிதான் டி-ஷர்ட்டிலெல்லாம் ஏறியது. எனக்கு அந்த எபிசோடில் முக்கியமாகப் படுவது இன்னொன்று. குடும்பம் ஆலோசகரிடம் போவதற்குக் காரணமே மார்ட்டி வகுப்பறையில் சிறுநீர் கழித்துவிட்டதும், அக்கா சம்மர் பானைக்குப் பூசும் மெருகை முகர்ந்து போதை ஏற்றிக்கொண்டதும்தான். ஒரு பையனுக்கு அந்த வயதில் அதைவிட வெட்கம் எதுவும் இல்லை. பார்க்கிறவர்கள் தாத்தாவின் ரத்தக்களரியில் மயங்கி அதை மறந்துவிடுகிறோம். அவன் அம்மாவும் மறந்துவிடுகிறாள். ஆலோசகர் மட்டும் மறப்பதில்லை. மலைக்க வைக்கும் சண்டைக் காட்சி, வீட்டில் பேச வேண்டியதைப் பேசாமல் இருக்க ஒருவர் செய்யும் தப்பித்தல்தான் என்பதை அவர் அமைதியாகச் சொல்லிவிடுகிறார்.

எங்கே சிரிக்கக் கூடாது என்றும் இவர்களுக்கு ஆரம்பத்தில் தெரிந்திருந்தது. முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடில், ஒரு கதைப்புத்தக உலகத்து விடுதியின் கழிவறையில் மார்ட்டி மீது பாலியல் தாக்குதல் முயற்சி நடக்கிறது. தாக்குகிறவனின் உருவம் ஒரு ஜெல்லி மிட்டாய். அதைச் சிரிப்பாக ஆக்கியிருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. தொடர் அந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிடுகிறது. மார்ட்டி போராடித் தப்பி வெளியே வருகிறான், வீட்டுக்குப் போகலாம் என்கிறான். ரிக் அவன் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, எதுவும் கேட்காமல், அதுவரை பிடித்திருந்த வீம்பையெல்லாம் விட்டுக்கொடுக்கிறார். அந்த மௌனத்துக்கு எழுத்தாளர்களுக்குப் பெரிய மரியாதை செலுத்த வேண்டும்.

அடுத்தது ஐந்தாவது சீசனின் நான்காவது எபிசோட், 2021 ஜூலை. தொடங்குவது நன்றாகவே தொடங்குகிறது. அம்மா பெத் குதிரைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர். அவள் வேலை செய்யும் இடத்தில், குதிரை விந்து சேகரிக்கும் இயந்திரத்தை மார்ட்டி திருட்டுத்தனமாகப் பயன்படுத்திவிடுகிறான். அந்தப் பீப்பாயை ரிக் ஒரு ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு போகிறார். பையன் வாயைத் திறக்க முடியாமல் தவிக்கிறான். இதுவரைக்கும் எல்லாம் சரி. வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பையனின் உண்மையான பயம் இது. சரியாக எழுதினால் கக்கூஸ் கதையைவிட நன்றாக வந்திருக்கும். ஆனால் ராட்சத விந்தணுக்கள் பறந்து வந்து ஆட்களைத் தாக்க, ஜனாதிபதி, ராணுவம், லாஸ் வேகாஸ் என்று கதை ஓடிப்போகிறது. மார்ட்டியின் வெட்கம் இரைச்சலில் அடிபட்டுப் போகிறது. உண்மை வெளியே வரும்போதும் அது யாரையும் எதுவும் செய்வதில்லை. அந்த எபிசோட் முடிந்தபோது எனக்கு அருவருப்பைவிட வருத்தம்தான் அதிகம். இதைவிடத் துணிச்சலாகவும் மென்மையாகவும் எழுதத் தெரிந்தவர்கள், எளிதான அதிர்ச்சி கையில் கிடைத்ததும் அதிலேயே நின்றுவிட்டார்கள்.

ரிக் அண்ட் மார்ட்டியின் பிரச்சினை இதுதான். உச்சிக்கும் பள்ளத்துக்கும் அவ்வளவு தூரம். இன்னொன்றும் உண்டு. ரிக்கின் திமிரைத் தொடர் கண்டிக்கிறது, ஆனால் ரசிகர்களில் ஒரு பகுதி அந்தத் திமிரையே கொண்டாடுகிறது. 2017-இல் ஒரு எபிசோடில் வந்த செச்சுவான் சாஸை மெக்டொனால்ட்ஸ் ஒரு நாள் மட்டும் விற்றபோது, கிடைக்காதவர்கள் கடைகளில் செய்த ரகளை செய்தியானது. அந்த ரசிகர்களைப் பார்த்தே தொடர் பக்கம் போகாதவர்கள் உண்டு. அது தொடர் செய்த குற்றமில்லை. ரோய்லண்டுடன் அடல்ட் ஸ்விம் 2023 ஜனவரியில் உறவை முறித்துக்கொண்டது. அதுவரை ரிக், மார்ட்டி இருவருக்கும் அவரே குரல். அந்த அக்டோபரில் வந்த ஏழாவது சீசனிலிருந்து இயன் கார்டோனியும் ஹாரி பெல்டனும் பேசுகிறார்கள். குரல் மாறியது பெரிதாக உறுத்தவில்லை.

இப்போது ஃபியூச்சராமா. மேட் க்ரோனிங், டேவிட் எக்ஸ். கோஹன் இருவரின் படைப்பு. 1999 மார்ச் 28-இல் ஃபாக்ஸில் தொடங்கி 2003-இல் நின்றது. பிறகு நான்கு டிவிடி படங்கள், 2010 முதல் 2013 வரை காமெடி சென்ட்ரலில் மறுபிறவி, 2023-இல் ஹுலு என்ற ஸ்ட்ரீமிங் தளத்தில் இன்னொரு பிறவி. ஃப்ரை என்ற பீட்சா டெலிவரி பையன் 1999 டிசம்பர் 31 நள்ளிரவில் தவறி ஒரு உறைகலத்துக்குள் விழுந்து, ஆயிரம் வருடம் கழித்து எழுகிறான்.

ஃபாக்ஸ் அமெரிக்காவில் எல்லார் வீட்டிலும் வரும் சேனல். அதனால் ரிக் அண்ட் மார்ட்டி அளவுக்கு இவர்களால் வாய்விட்டுப் பேச முடியவில்லை. அந்தக் கட்டுப்பாடு நல்லதுக்குத்தான் முடிந்தது என்பது என் எண்ணம். பச்சையாகச் சொல்ல வழியில்லாததால் அசிங்கத்தைக் கதையின் எலும்பிலேயே வைத்தார்கள். உதாரணம் வேண்டுமானால் நிப்லர். முதல் சீசனின் நான்காவது எபிசோடில் வரும் குட்டி விலங்கு, பார்க்கப் பொம்மை மாதிரி. தன்னைவிடப் பல மடங்கு பெரிய மிருகங்களைத் தின்றுவிட்டுப் போடும் மலம் கருப்பாக, சின்ன உருண்டையாக இருக்கும். தூக்க முடியாத கனம். அது கரும்பொருள். விண்கலத்துக்கு எரிபொருளே அதுதான். எரிபொருள் தீர்ந்து நடுவழியில் நிற்கும் ஃப்ரையின் விண்கலக் குழுவை அந்த உருண்டைதான் காப்பாற்றுகிறது. வானியலாளர்கள் பிரபஞ்சத்தில் இருப்பதாகச் சொல்லும், யாரும் கண்ணால் பார்க்காத ஒரு பொருளை ஒரு செல்லப் பிராணியின் பின்புறத்திலிருந்து எடுக்கிறார்கள். இதைவிட அடிமட்டமான நகைச்சுவை கிடையாது. ஆனால் அதற்குப் பிறகு பல வருடம் அந்தத் தொடரின் உலகமே அந்த எரிபொருளில் ஓடுகிறது. நிப்லர் உண்மையில் யார் என்பது 2001-இல் தெரியவருகிறது. ஃப்ரை உறைகலத்துக்குள் விழுந்தது தற்செயல் இல்லை என்பது 2003-இல் தெரிகிறது.

இன்னொரு உதாரணம் ஃப்ரையின் நாய். 2002 நவம்பரில் வந்த அந்த எபிசோடைப் பார்த்து அழாதவர்களை நான் பார்த்ததில்லை. நாய்க்குப் பெயர் வந்த கதை என்ன? யாரோ விளையாட்டுக்காக ஒரு கொச்சையான பெயர் சொல்லி பீட்சா ஆர்டர் செய்கிறார்கள். ஃப்ரை அதைப் புரிந்துகொள்ளாமல் கொண்டு போகிறான். அங்கே ஆள் இல்லை, ஒரு தெருநாய்தான் நிற்கிறது. அந்தப் பெயரையே அதற்கு வைத்துவிடுகிறான். ஆயிரம் வருடம் கழித்து அதன் புதைபடிவம் கிடைக்கிறது. உயிர்ப்பிக்கவும் முடியும். ஆனால் நாய் 15 வயது வரை வாழ்ந்திருக்கிறது என்று தெரிந்ததும், அது தன்னை மறந்து வேறு நல்ல வாழ்க்கை வாழ்ந்திருக்கும் என்று ஃப்ரை விட்டுவிடுகிறான். அதற்குப் பிறகு வரும் கடைசிக் காட்சியை நான் சொல்லப்போவதில்லை. அந்தக் காட்சியில் நம் தொண்டையை அடைப்பது ஒரு கொச்சைப் பெயர் வைத்த நாய். கேலிக்கு வைத்த பெயர் என்பதையே அப்போது மறந்துவிட்டிருப்போம்.

எழுதியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோஹன் ஹார்வர்டில் இயற்பியலும் பெர்க்லியில் கணினி அறிவியலும் படித்தவர். கென் கீலர் பயன்பாட்டுக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2010 ஆகஸ்டில் வந்த ஒரு எபிசோடில் உடல்களை மாற்றிக்கொள்ளும் இயந்திரம் வருகிறது. ஒரு தடவை மாறிய அதே இரண்டு உடல்கள் மறுபடி நேரடியாக மாறிக்கொள்ள முடியாது. அப்படியானால் எல்லாரையும் எப்படி அவரவர் உடலுக்குத் திருப்புவது? எத்தனை பேர் எப்படி மாறியிருந்தாலும், இதுவரை மாறாத இரண்டு பேர் கூடுதலாக இருந்தால் போதும் என்பதற்கு கீலர் உண்மையான கணித நிரூபணமே எழுதினார். அது பலகையில் காட்டப்படுகிறது. அதே எபிசோடில்தான் கிழவர் பேராசிரியரின் உடலில் இருக்கும், ஃப்ரை காதலிக்கும் விண்கலக் கேப்டன் லீலாவும், நண்டு மாதிரியான ஸாய்ட்பெர்க்கின் உடலில் இருக்கும் ஃப்ரையும் ஒருவரையொருவர் வெறுப்பேற்ற ஆரம்பித்து, முகம் சுளிக்க வைக்கும் அளவுக்குக் கொஞ்சிக்கொள்கிறார்கள். அழகு, உடம்பு, காதல் பற்றி லீலாவுக்கு இருக்கும் பயம் அந்தக் கண்றாவியில்தான் வெளியே வருகிறது. தேற்றமும் தொங்கும் தோலும் ஒரே இருபது நிமிடத்தில். எனக்கு இந்தத் தொடர் மேல் இருக்கும் பிரியத்துக்கு இந்த ஒரு எபிசோடே போதுமான காரணம்.

குறை இல்லாமல் இல்லை. கேப்டன் ஜாப் ப்ரானிகனின் பெண் பித்து நகைச்சுவைகள் நிறைய பழசாகிவிட்டன. ராட்சதப் பெண்கள் ஆளும் கிரகம் பற்றிய 2001 எபிசோடை இன்று பார்த்தால், பாதி நேரம் சங்கடமாகத்தான் இருக்கிறது. பெண்டர் என்ற ரோபோ திருடும், குடிக்கும், புகைக்கும், எல்லாரையும் திட்டும். அதற்கு வெட்கமே கிடையாது. அதனால் அதன் நகைச்சுவை தனியாக நிற்கும்போது சீக்கிரம் சலித்துவிடுகிறது. ஆனால் 2002-இல் அது தனியாக விண்வெளியில் மிதந்து போகும் எபிசோடில், அதன் உடம்பின் மேல் சின்னஞ்சிறு மனிதர்கள் குடியேறி, அதைக் கடவுளாகக் கும்பிடுகிறார்கள். கடவுளுக்கு பீர் காய்ச்சிக் கொடுப்பதே அவர்கள் தொழில். பெண்டர் நல்லது செய்யப் போய் அவர்கள் ஒவ்வொருவராகச் சாகிறார்கள். வெட்கமில்லாத ஒரு பாத்திரத்துக்கு முதல் முறையாகக் குற்ற உணர்ச்சி வரும் இடம் அது. அதற்கு முன்னால் எத்தனை எபிசோட் அந்த ரோபோவைப் பார்த்துச் சலித்திருந்தாலும் இந்த ஒன்றில் ஈடாகிவிடும்.

சோலார் ஆப்போசிட்ஸ் பற்றிச் சொல்ல எனக்கு அவ்வளவு இல்லை. ரோய்லண்டும் மைக் மக்மஹனும் ஆரம்பித்தது, ஹுலுவில் வந்தது, 2025-இல் ஆறாவது சீசனோடு முடிந்தது. ஷ்லார்ப் என்ற கிரகம் அழிந்ததால் தப்பி வந்த வேற்றுக்கிரகக் குடும்பம் ஒன்று அமெரிக்கப் புறநகரில் குடியிருக்கிறது. வசனம் ஓயாமல் ஓடும், கெட்ட வார்த்தை மழையாகக் கொட்டும், ரத்தம் தெறிக்கும். முதல் இரண்டு எபிசோடில் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு குறைந்தது. இவர்களுக்கு மனிதர்கள் வெட்கப்படும் எதற்கும் வெட்கம் இல்லை, எதைச் செய்தாலும் அடுத்த நிமிடம் துடைத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். பார்க்கும் நமக்கும் எதுவும் ஒட்டுவதில்லை.

ஆனால் இந்தத் தொடருக்குள் இன்னொரு தொடர் ஒளிந்திருக்கிறது. குடும்பத்துப் பையன் யும்யுலாக், தனக்குப் பிடிக்காத மனிதர்களைச் சுருக்கி, தன் படுக்கையறைச் சுவருக்குள் கண்ணாடிக் கூண்டு கட்டி அடைத்து வைத்திருக்கிறான். அவன் போடும் மிட்டாயைத் தின்று அந்தக் குட்டி மனிதர்கள் வாழ்கிறார்கள். அங்கே ஒரு சர்வாதிகாரி முளைக்கிறான், அவனை எதிர்த்துக் கலகம் எழுகிறது, துரோகம் நடக்கிறது. முதல் சீசனின் ஏழாவது எபிசோட் கிட்டத்தட்ட முழுக்கச் சுவருக்குள்ளேயே நடக்கிறது. அதில் நகைச்சுவை குறைவு, இறுக்கம் அதிகம். வெட்கமும் பசியும் மானமும் உள்ள மனிதர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், அதனால் அங்கே மட்டும் கொடூரத்துக்கு எடை வருகிறது. சுவர்க் கதைக்காக மட்டும் பார்க்கலாம்.

அதே மக்மஹன் தனியாகச் செய்தது லோயர் டெக்ஸ். ஐந்து சீசன், 50 எபிசோட், 2024 டிசம்பரில் முடிந்தது. ஒரே ஆள் ஒரே வருடத்தில் கொண்டுவந்த இரண்டு தொடர்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் எனக்கு இதுதான் பல மடங்கு மேல். ஸ்டார் ட்ரெக் உலகத்தில் எல்லாரும் கம்பீரமானவர்கள், சீருடை கசங்காது. லோயர் டெக்ஸ் அந்த உலகத்து விண்கப்பல் ஒன்றின் கீழ்த்தளத்தில் நடக்கிறது. கேப்டன்கள் பெரிய காரியம் செய்து முடித்த பிறகு மிச்சத்தைச் செய்யும் கடைநிலை அதிகாரிகள்தான் நாயகர்கள். யாரோ பொழுதுபோக்கிவிட்டுப் போன ஹோலோடெக்கின் (நினைத்த இடத்தையும் ஆளையும் நிஜம் போலவே உருவாக்கிக் காட்டும் அறை) வடிகட்டியைச் சுத்தம் செய்ய வேண்டியவர்கள் இவர்களே. அந்த அறையில் ஆட்கள் என்னென்ன செய்திருப்பார்கள் என்று பல வருடம் ஸ்டார் ட்ரெக் பார்த்தவர்கள் மனதில் நினைத்திருப்பார்கள், பழைய தொடர்கள் அதைப் பெரும்பாலும் மறைமுகமாகத்தான் தொட்டன. இங்கே அது ஒரு வேலைப் பட்டியலில் வருகிறது. கேவலமான வேலையைச் செய்கிறவன் யார் என்ற கேள்வியோடு சேர்ந்து வருவதால் அந்த அசிங்கம் சும்மா நிற்பதில்லை.

முதல் எபிசோடிலேயே இது தெரிந்துவிடும். கப்பல் முழுக்க ஒரு நோய் பரவி ஆட்கள் கருப்பாக வாந்தியெடுத்துக் கடித்துக் குதறுகிறார்கள். அதே நேரத்தில் கீழே கிரகத்தில் அந்தக் கடைநிலை அதிகாரிகளில் ஒருவனான பொய்ம்லர் ஒரு பெரிய மிருகத்தின் வாயில் மாட்டி, உடம்பெல்லாம் கொழகொழவென்று எச்சில் வழியத் திரும்பி வருகிறான். அந்தக் கொழகொழப்பில்தான் மருந்து இருக்கிறது. அவமானமாக உடம்பில் ஒட்டியதே கப்பலைக் காப்பாற்றுகிறது, அவன் பெயர் எங்கேயும் வருவதில்லை. கெட்ட வார்த்தைகளுக்கு மேல் பீப் ஒலி போட்டிருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது, சொல்லக் கூடாத இடத்தில் சொன்ன உணர்வு அப்படியே இருக்கிறது. ஒரே சிக்கல், பழைய ஸ்டார் ட்ரெக் தொடர்களில் ஒன்றாவது பார்த்திருந்தால்தான் முழுச் சுவை கிடைக்கும். இல்லாவிட்டால் பாதி நகைச்சுவை தலைக்கு மேலே போய்விடும்.

சரி, எதைத் தொடங்குவது? யாரோடு, எங்கே உட்கார்ந்து பார்க்கப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஹாலில் அப்பா அம்மா இருக்கும்போது போடக்கூடியது இந்த நான்கில் ஃபியூச்சராமா மட்டும்தான், அதுவும் ஓரளவுக்கு. கார்ட்டூன்தானே என்று குழந்தைகள் கையில் ரிமோட்டைக் கொடுத்துவிடாதீர்கள். ரிக் அண்ட் மார்ட்டியும் சோலார் ஆப்போசிட்ஸும் குழந்தைகள் கண்ணில் படக் கூடாதவை, இதில் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. வசன வேகத்தையும் கணக்கில் எடுங்கள். ரிக் அண்ட் மார்ட்டியில் ஏப்பத்துக்கும் திக்கலுக்கும் நடுவே முக்கியமான விஷயம் போய்விடும், சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது. ஃபியூச்சராமா நிதானமாகப் பேசும், ஆனால் பின்னணியில் இருக்கும் பலகைகளையும் போஸ்டர்களையும் படிக்கக் கண் வேண்டும்.

அசிங்கம் என்றாலே ஒத்துக்கொள்ளாது, ஆனால் விண்வெளிக் கதை பிடிக்கும் என்பவர்கள் யோசிக்காமல் ஃபியூச்சராமாவை முதல் எபிசோடிலிருந்து பாருங்கள். நாய் எபிசோடுக்கு நேராகப் போய்விடாதீர்கள். ஃப்ரை எப்படிப்பட்டவன் என்று பழகியிருந்தால்தான் அது அடிக்கும். ஸ்டார் ட்ரெக் பார்த்து வளர்ந்தவர்களுக்கு லோயர் டெக்ஸ்.

இந்த வகை நகைச்சுவையால் எவ்வளவு தூரம் போக முடியும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு என் ஓட்டு ரிக் அண்ட் மார்ட்டிக்கு. மற்ற மூன்றும் அதன் உச்சியைத் தொட்டதில்லை. முதல் சீசனில் 11 எபிசோட், ஒவ்வொன்றும் 22 நிமிடம் அளவுக்கு, எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம். வரிசையாகப் பாருங்கள். ஆறாவது எபிசோடில் மார்ட்டி, பள்ளி நடன விழாவுக்கு முன்னால், ஒரு பெண்ணைத் தன்னைக் காதலிக்க வைக்கத் தாத்தாவிடம் மருந்து கேட்கிறான். அது காய்ச்சல் கிருமியோடு சேர்ந்து ஊரெல்லாம் பரவுகிறது. ரிக் சரிசெய்யப் போக, மொத்த உலகமும் சதைப் பிண்டங்களாக உருக்குலைகிறது. ஒரு பையனின் அற்ப ஆசைக்கு இவ்வளவு பெரிய விலையா என்று சிரித்துக்கொண்டே வருவோம். கடைசி மூன்று நிமிடத்தில் இருவரும் வேறொரு உலகத்துக்குப் போய், அங்கே அப்போதுதான் செத்துக் கிடக்கும் தங்கள் உடல்களையே வீட்டுப் பின்பக்கம் குழி தோண்டிப் புதைக்கிறார்கள். ரிக் வழக்கம் போல வீட்டுக்குள் போய்விடுகிறார். மார்ட்டி தன்னுடையது இல்லாத அந்த வீட்டுக்குள், தன்னுடையவர்கள் இல்லாத அம்மா அப்பாவைப் பார்த்தபடி நடக்கிறான்.

அந்த மூன்று நிமிடம் உங்களை எதுவும் செய்யவில்லை என்றால் தொடரை அங்கேயே விட்டுவிடலாம். கக்கூஸ் எபிசோடுக்காக நான்காவது சீசன் வரை பல்லைக் கடித்துக்கொண்டு போகத் தேவையில்லை. ஃபியூச்சராமாவுக்கு மாறிக்கொள்ளுங்கள். ஏதாவது செய்தது என்றால் தொடர்ந்து பாருங்கள், ஐந்தாவது சீசனின் நான்காவது எபிசோடை மட்டும் தாண்டிவிடுங்கள்.